ஒன்றரைச் சாண் எம்டன்

வாப்பா பேராண்டி, உக்காரு. அந்தத் திண்ணையில வேணாம், இப்படிப் பட்டாலையில உக்காரு, காத்து வரும். கையைக் காட்டு. பத்து விரல்லயும் சாம்பப் பூசுன மாதிரி இருக்கே, அடுப்படிப் பக்கமே போகாத பிள்ளை நீ! சாப்பிட உக்கார்றதுக்கு முந்தி அதை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வா. அப்பத்தா பார்த்தா இலை போடமாட்டா.

நாலு நாளாப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பெங்களூர்லேருந்து லீவுக்கு வந்த பிள்ளை, கைலாசநாதரைப் பார்ப்பான், நித்தியகல்யாணியைக் கும்பிடுவான், ஊருணிக் கரையில நாலு பேர்கிட்ட முகம் கொடுத்துப் பேசுவான்னு நினைச்சேன். நீ இரண்டாங்கட்டு அறையைச் சாத்திக்கிட்டு, மூஞ்சியில முகமூடி மாட்டிக்கிட்டு, உள்ளே டுர்ருன்னு ஒரு மிசினை ஓட விடுறே. வாசல் தெளிக்க வர்ற அம்மா எங்கிட்ட ரகசியமாக் கேட்குது: “ஐயா, தம்பி பட்டணத்து வேலையை விட்டுட்டுப் பஞ்சர் கடை வைக்கப் போகுதா?” நான் என்னத்தைச் சொல்ல? “இல்லாத்தா, கப்பல் கட்டுறான்”னேன். அது என்னை ஒரு பார்வை பார்த்துச்சு பாரு, நாளைக்கு வேலைக்கு வருமாங்கிறதே சந்தேகம்.

நேத்து நீ குளிக்கப் போன நேரத்துல உள்ளே போயிப் பார்த்தேன். பார்த்ததோட சரி, எதையும் தொடலை.

நல்லாத்தான் இருக்கு. ஐயா வாயிலேருந்து நல்ல வார்த்தை வருதேன்னு மெரளாதே. எம்டன் கப்பலை ஒன்றரைச் சாண் நீளத்துல வெச்சிருக்கே. நிசக் கப்பல் 118 மீட்டர். அதை 350-ல வகுத்தா 33 சென்டிமீட்டர் சொச்சம், கணக்குச் சரி. வட்டிக்கணக்குப் பார்த்த குடும்பம், வகுத்தல் கணக்குல தப்பு வரக்கூடாது. ஆளு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அஞ்சரை அடி ஆளு அரை சென்டிமீட்டர்கூட வரமாட்டான். ஒரு பொன்னி அரிசி. அந்த அரிசிக்கு நீ சட்டை, தொப்பி, மூஞ்சி எல்லாம் வரையிறே. மூணு சைபர் பிரசாம், மூச்சை அடக்கிக்கிட்டு வரையணுமாம். இந்த மூச்சடக்கத்தை உங்க ஆத்தா யோகா வகுப்புக்குப் போகச் சொன்னப்ப காட்டியிருக்கலாம்.

எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு குப்பியைக் காட்டி, “ஐயா, இது துரு”ன்னியே. விலையைக் கேட்டேன், சொன்னே. காது மந்தமோன்னு இன்னொருக்காக் கேட்டேன், அதையேதான் சொன்னே. ஏப்பா, துருவைக் காசு கொடுத்தா வாங்குறது? முகப்பு ஜன்னல் கம்பியைப் பார்த்திருக்கியா? உங்க பாட்டையா பர்மாவுலேருந்து பணம் அனுப்பிப் போட்ட கம்பி. சும்மா ஒரு தட்டுத் தட்டினா உனக்கு ஒரு கப்பல் படைக்கே வேண்டிய துரு உதிரும். ஊருக்கு வர்றப்பெல்லாம், “அதுக்கு ஒரு கை பெயின்ட் அடிச்சுவிடு”ன்னு அஞ்சு வருசமாச் சொல்றேன். நேரமில்லை. நிசத் துருவை மறைக்க நேரமில்லாதவனுக்குப் பொய்த் துரு பூச நாலு நாள் கிடைச்சிருக்கு.

அதுலயும் அந்த உப்பு வித்தை இருக்கே! உள்ளே வந்த அப்பத்தா, “கல் உப்புச் சாடியில பாதியைக் காணோம்”னா. நான் உன்னைக் காட்டிக் கொடுக்கலை. நீ என்ன பண்ணினேன்னு கதவிடுக்குல நின்னு பார்த்தவன் நான். முதல்ல துரு நிறத்தைப் பூசினே. காஞ்சதும் தண்ணியைத் தொட்டு வெச்சு, அதுமேல உப்பைப் பொடிச்சுத் தூவினே. அதுக்கு மேல கப்பலோட சாம்பல் நிறத்தை ஊதிவிட்டே. பிறகு பல் தேய்க்கிற பிரசால உப்பைத் தட்டிவிட்டே. உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ட் பேர்ந்து துரு எட்டிப் பார்க்குது. நிசமாவே பத்து வருசம் கடல்ல கெடந்த மாதிரி இருக்கு. கெட்டிக்காரத்தனம்தான். கடல் உப்பு கப்பலைத் தின்னும். நீ அடுப்படி உப்பை வெச்சே அதைச் செஞ்சுட்டே. ஊறுகாய்க்கு உப்பு இல்லேங்கிற வழக்கை நீயே அப்பத்தாகிட்டப் பேசித் தீர்த்துக்க.

பெயின்ட்டு மட்டும் கொஞ்சம் மொத்தமா விழுதப்பா. பின்பக்கம் ஒரு இடத்துல ஒழுகிக் கண்ணீர் மாதிரி நிக்குது. இந்தச் சுவரைத் தொட்டுப் பாரு. தொடு, கை ஒண்ணும் தேஞ்சு போகாது. கன்னம் மாதிரி வழவழன்னு இருக்குல்ல? சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், பனைவெல்லம். ஒரு பூச்சு போட்டுக் காயவிடுவான், அதைவிட மெல்லிசா அடுத்த பூச்சு, அதைவிட மெல்லிசா அதுக்கடுத்தது. அவசரப்பட்ட கொத்தனாரை மேஸ்திரி கீழே இறக்கிவிட்டுருவாரு. உன் மிசினுல காத்தைக் குறை, பெயின்ட்டைத் தண்ணியாக் கரைச்சு நாலு தடவையா ஊது.

கயிறு கட்டுறதுக்குப் பிளாஸ்டிக் குச்சியை விளக்குல காட்டி இழுக்கிறேல்ல, அதுலயும் உனக்குப் பதம் தெரியலை. பாகம் எல்லாத்தையும் வெட்டி எடுத்த பிறகு மிஞ்சுற அந்தச் சட்டத்துக் குச்சி. சுடரோட உச்சியில காட்டக்கூடாது, கருகிப் போகும். சுடருக்கு மேல ஒரு விரக்கடை தள்ளிப் பிடி, திருப்பிக்கிட்டே இரு. பளபளன்னு மினுங்கித் தொய்யுறப்ப வெளியே எடுத்து ஒரு மூச்சு பொறுத்து இழு. முடி மாதிரி வரும். அப்பத்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுறப்பப் பக்கத்துல நின்னு பாரு. அதுக்கு ஒரு பதம்னா உன் குச்சிக்குக் கம்பிப் பதம். அரை நிமிசம் முந்தினாலும் போச்சு, பிந்தினாலும் போச்சு.

சரி, உலகத்துல இத்தனை கப்பல் இருக்க எம்டனை எதுக்கு எடுத்தேன்னு கேட்டேன். “பெட்டி நல்லா இருந்துச்சு ஐயா”ங்குறே. ஜெர்மன்காரன் ரெவல் கம்பெனி பெட்டியில படம் நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா உனக்கு அந்தக் கப்பல் சொந்தக்காரன் மாதிரிங்கிறது தெரியுமா?

1914, செப்டம்பர் 22, ராத்திரி ஒம்பதரை மணி சுமாருக்குச் சென்னைப் பட்டணத்துக் கரைக்கு வந்து வெளிச்சத்தைப் போட்டான். கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர். நூத்துக்கும் மேல குண்டு, அரை மணிக்குள்ள வேலை முடிஞ்சுது. அவன் குறிவெச்சது என்னன்னு நினைக்கிறே? கோட்டை இல்லை, கவர்னர் மாளிகை இல்லை. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டி. பத்தி எரிஞ்ச வெளிச்சம் கடல்ல ரொம்பத் தூரம் தெரிஞ்சுதாம். ஒரு குண்டு ஹைகோர்ட் சுவர்ல விழுந்துச்சு, இன்னைக்கும் அங்கே கல்வெட்டு இருக்கு. அடுத்த தடவை பட்டணம் போனாப் பார்த்துட்டு வா. மறுநாளே பட்டணம் பாதி காலி. மூட்டை முடிச்சோட ரயிலுக்கு ஓடினாங்க. நம்ம ஆளுங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை. ரங்கோனுக்கும் பினாங்குக்கும் போற கப்பல் எல்லாம் அவன் திரியிற தண்ணியிலதானே போகணும்? கொண்டுவிக்கப் போன பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்துச்சா, போன கடுதாசி போய்ச் சேர்ந்துச்சான்னு எத்தனை வளவுல எத்தனை ஆச்சிமார் கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டிருப்பாங்க!

அதுலேருந்துதான் கெட்டிக்காரப் பயலை, கிட்டப் போக முடியாத கண்டிப்புக்காரனை எல்லாம் “அவன் எம்டன்டா”ங்குறோம். கப்பல் வந்து போனது ஒரே ஒரு ராத்திரி. பேரு நூறு வருசம் தாண்டியும் நம்ம வாயில கெடக்கு. என்னையும் கீழச்சிவல்பட்டிச் சந்தைப் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க, கேட்டுப் பாரு. நான் காய்கறிக்கு விலை பேசுற அழகு அப்படி.

இப்ப நீ அந்தக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடிச்சிருக்கே. முந்தாநேத்து உன் சிநேகிதன் போன்ல வந்து, “எம்டன் வெள்ளைக் கப்பல்டா, தப்பாப் பூசிட்டே”ன்னு சண்டைக்கு வந்தான்ல? ரெண்டு பேரும் அரை மணி கத்தினீங்க. இங்கே வந்து கேட்டிருந்தா ஒரே வார்த்தையில முடிச்சிருப்பேன். அமைதிக் காலத்துல சீனக் கடல்ல திரிஞ்சப்ப வெள்ளை. அழகைப் பார்த்துக் கிழக்கின் அன்னம்னே சொன்னாங்க. சண்டை வந்ததும் சாம்பல் பூசிக்கிட்டான். சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன். நீ சரி. உன் சிநேகிதன் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளை தினமும் பட்டு வேட்டிதான் கட்டுவான்னு நினைக்கிற ரகம்.

இன்னொருத்தன் மேல்தட்டுல ஒரு ஆளைத் தனியா நிறுத்தி, செண்பகராமன் பிள்ளைன்னு எழுதிவைக்கச் சொன்னானாமே. வேணாம்ப்பா. அவர் கப்பல்ல இருந்தாருன்னு நம்ம ஊர்ல ஆசையாச் சொல்ற கதை அது. சாட்சி கிடையாது, மனுசன் அப்ப ஐரோப்பாவுல இருந்தாரு. ஆணித்தலையை உப்புத்தாள்ல தேய்க்கிற அளவுக்கு அச்சு அசல் பார்க்கிறவன், ஆளை மட்டும் கதையிலேருந்து எடுத்து நிறுத்தலாமா?

அது சரி, எம்டனுக்குப் பீரங்கி எத்தனை? பத்தா? பத்தையும் எண்ணி ஒட்டினியா? சும்மாதான் கேட்டேன்.

அலமாரியில அந்த ஜப்பான்காரன் டாங்கியையும் பார்த்தேன். டமியா கம்பெனி. ஷிசுவோகாவுல 1946-ல மர அறுவை மில்லா ஆரம்பிச்சவங்க. பிறகு மரப் பொம்மை, அப்புறம் பிளாஸ்டிக். டாங்கி எல்லாம் ஏன் 35-ல ஒரு பங்குன்னு உன்னைக் கேட்டேன், ஏதோ சாஸ்திரம் மாதிரிச் சொன்னே. சாஸ்திரமும் இல்லை, சூத்திரமும் இல்லை. ஒரு ஜெர்மன் டாங்கியைப் பொம்மை ஆக்குறப்ப மோட்டாரும் பேட்டரிக்கட்டையும் உள்ளே அடங்கணும்னு பார்த்தான், 35 வந்துச்சு. உலகமே அதைப் பிடிச்சுக்கிட்டுச்சு. நம்ம ஸ்தபதியைக் கேளு, அவருக்கு மூஞ்சிதான் அளவுகோல். உத்தம தசதாலம்னா 124 அங்குலம்னு கணக்கா நிப்பாரு. ஜப்பான்காரனுக்குப் பேட்டரிக்கட்டை.

அந்த டாங்கியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க அப்பச்சி, அதான் உங்க பாட்டையா, ரங்கோன் மொகல் தெருவுல பெட்டியடியில உக்காந்திருந்தவரு. 1941 டிசம்பர் 23, ரங்கோன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். மார்ச்சுல ஊரே அவன் கையில. அப்பச்சி புரோமுக்குப் போயி, தாங்கூப் கணவாய் ஏறி இறங்கி, படகு பிடிச்சு, சிட்டகாங் வந்து, வீடு வந்து சேர்ந்தப்போ ஆத்தாவுக்கே அடையாளம் தெரியலையாம். கணக்குப் பேரேடு ஒண்ணை மட்டும் இடுப்புல கட்டிக் கொண்டாந்தாரு. வசூல் ஆகாத கணக்கு. பெட்டகத்துல இன்னும் இருக்கு. நிச டாங்கியோட வந்து நம்மளை விரட்டினவன், இப்பப் பொம்மை டாங்கியைப் பெட்டியில போட்டு விக்கிறான். கொள்ளுப் பேரன் வரிசையில நின்னு வாங்குறான். சாமர்த்தியம்னா இது. அப்பச்சி இருந்திருந்தா உன்மேல கோவிக்கமாட்டாரு, அவன் லாப விகிதம் என்னன்னுதான் கேட்பாரு.

லாபம்னதும் ஞாபகம் வருது. பொம்மைக்குச் சுங்கவரி எவ்வளவுன்னு பார்த்தியா? 20 சதமா இருந்ததை 2020-ல 60 ஆக்கினாங்க, 2023-ல 70. அசலுக்கு மேல எழுபது! நாங்க அந்த வட்டி வாங்கியிருந்தா ஊரே கூடிக் கல்லால அடிச்சிருக்கும். நீ அழாமக் கட்டுறே. “சர்வதேசத் தரம் ஐயா”ங்குறே. சரிப்பா, நல்லாக் கட்டு.

கட்டி வாங்கினதையாவது பிரிச்சியா? கட்டிலுக்கு அடியில இருபத்தி மூணு பெட்டி. ஒட்டின காகிதம்கூடக் கிழியலை. எப்ப செய்வேன்னா, “ரிட்டயர் ஆனதும்”ங்குறே. உனக்கு வயசு இருபத்தொம்பது. அந்த அச்சு காணாமப் போயிடும், கம்பெனி நிறுத்திடுவான், அதனால கிடைக்கிறப்பவே வாங்கி வெச்சுடணுமாம். ஐயாவுக்குக் கோவமே வரலை. ஏன்னா இது நம்ம ரத்தத்துல ஓடுற வியாதி. மேல்மாடி அறையைத் திறந்து பாரு. அப்பத்தா சீருக்கு வந்த எனாமல் தூக்கு, எனாமல் சட்டி, எனாமல் தட்டு. ஸ்வீடன் ஒரு அடுக்கு, ஜப்பான் ஒரு அடுக்கு. கல்யாணமாகி அறுபது வருசம் ஆச்சு, ஒரு தட்டுல சோறு வெச்சதில்லை. எடுத்துத் தொடைச்சு எண்ணித் திரும்ப அடுக்குவா. கேட்டா, “நல்ல நாளைக்கு வேணும்”பா. அந்த நல்ல நாளும் உன்னோட ரிட்டயர்மென்ட்டும் ஒரே முகூர்த்தத்துல வரும்னு நினைக்கிறேன். பிறகு ரெண்டும் ஒரே வண்டியில காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். அங்கே பழைய சாமான் கடைக்காரன் எடை போட்டு எடுத்துக்குவான். எனாமலுக்காவது எடை இருக்கு. பிளாஸ்டிக்குக்கு என்ன தருவான்?

பொம்மைப் படை செய்யிறதை நான் குத்தம் சொல்ல முடியுமா? நம்ம சீமையில புரவி எடுப்புன்னு ஒண்ணு இருக்கு; வேளார் வீட்டுல மண்ணு பிசைஞ்சு, சுட்டு, வண்ணம் தீட்டி, ஊரே தோள்ல தூக்கிட்டுப் போயி அய்யனாருக்கு வைக்கிற குதிரை. அதுவும் படைதான். நீ நிசத்தைச் சுருக்குறே, வேளாரு பெருக்குறாரு. அவருது மழையில நனைஞ்சு, வெயில்ல வெடிச்சு, நிசமாவே நிறம் போகும். குப்பி வாங்க வேண்டியதில்லை. அந்த வெள்ளைக்கார ஏர்ஃபிக்ஸ் கம்பெனிகூட முதல்ல 1949-ல ஒட்டிச் செய்யிற பொம்மையாப் போட்டது டிராக்டரைத்தான், பெர்குசன் டிராக்டர். விமானம், டாங்கி எல்லாம் பின்னால வந்துச்சு. டிராக்டரா இருந்திருந்தா நானும் உக்காந்து ஒரு கை ஒட்டியிருப்பேன்.

ஒரு விசயம் கேட்டுக்க. ஜெர்மன் சிப்பாய்க்குப் பட்டன் எத்தனைன்னு கேட்டா டக்குன்னு சொல்றே. மருது பாண்டியர் படையில வளரி வீசுறவன் அதை எப்படிப் பிடிப்பான்னு கேட்டேன், முழிச்சே. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர்ல அவங்களைத் தூக்குல போட்ட இடம் இங்கேயிருந்து மோட்டார் சைக்கிள்ல போயிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். அந்த ஆளுக்குப் பெட்டி எந்தக் கடையிலயும் கிடைக்காது, எவனும் அச்சு போடலை. நீதான் கம்பியில எலும்பு கட்டி, புட்டியில சதை வெச்சு, தேய்ச்சு எடுக்கணும். சென்னை மியூசியத்துல வளரி வெச்சிருக்காங்க, அளவு பார்த்துட்டு வா. செலவு கம்மி, சுங்கவரி சுத்தமாக் கிடையாது. அதனாலயே உனக்குப் பிடிக்காதுன்னும் தெரியும்.

எம்டனுக்கு வருவோம். மூணு புகைபோக்கி வெச்சிருக்கே, சரிதான். ஆனா அந்தப் பய இங்கிலீஷ் கப்பல் மாதிரித் தெரியணும்னு நாலாவதா ஒரு பொய்ப் புகைபோக்கி செஞ்சு மாட்டிக்கிட்டுத் திரிஞ்சான். அந்த வேசத்துல அக்டோபர் 28 விடியக்காலம் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து, ரஷ்யக்காரன் கப்பலை முங்கடிச்சான். பன்னெண்டு நாள்ல, நவம்பர் 9, கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாக்காரன் சிட்னி கப்பல் அவனை அடிச்சு ஒழிச்சுது. எம்டன்னு பேரு வந்தது பீரங்கியால மட்டும் இல்லப்பா, அந்த நாலாவது குழாயாலயும்தான். அதனால அதையும் செய். நிசக் குழாய் மாதிரி வழவழன்னு வேணாம். கொஞ்சம் கோணலா, துணி போர்த்தின மாதிரி சுருக்கத்தோட செய். ஒட்டாதே. கழட்டி மாட்டுறாப்புல வை. யாராவது பார்க்க வந்தா முதல்ல மூணு காட்டு. திரும்பி அப்பத்தா கொடுக்கிற காபியை வாங்குறதுக்குள்ள நாலாக்கிடு. எத்தனை பேரு கண்டுபிடிக்கிறாங்கன்னு ஐயா பார்த்துச் சொல்றேன்.

வைரம் பார்க்கிற லென்சு என் மேசை இழுப்பறையில இருக்கு, எடுத்துக்க. அந்தப் பொன்னி அரிசிக்கு மூஞ்சி வரைய உதவும்.

அப்புறம், பீரங்கியை எண்ணினேன்னு சொன்னியே, நேத்துக் காலையில எண்ணியிருப்பே. இன்னைக்கு எண்ணினா ஒன்பதுதான் வரும். கொசுக்கால் தண்டிக்குச் செஞ்சா விரல் பட்டதும் வராம என்ன செய்யும்? மிச்சம் ஒண்ணு என் வெத்தலைப் பெட்டியில, சுண்ணாம்பு டப்பாவுக்கு அடியில, காகிதத்துல மடிச்சு வெச்சிருக்கேன். அப்பத்தாகிட்டச் சொல்லாம எடுத்து ஒட்டிடு.